மூன்றுக்குப் பதில் ஐந்து

தம்பி,

உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் நீ இதைப் படித்துவிட்டு ஒரு காரியமும் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால்தான் விரைவுத் தபாலில் ஓசூருக்கு அனுப்புகிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று முறையும் பத்திரிகை வந்துவிட்டதா, சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்றா என்றே பேச்சு போய்விட்டது. சொல்ல ஆரம்பித்திருந்தாலும் பாதியில் அழுதிருப்பேன். நீ "சரி வுடும்மா, பழைய கதை" என்று சொல்லியிருப்பாய். அத்தோடு முடிந்துபோயிருக்கும். எழுதினால் நீ நடுவில் புகுந்து என்னைத் தேற்ற முடியாது.

இது சத்யாவின் அப்பாவைப் பற்றியது. சடையன் என்ற பெயரும், அவர் பக்கத்து மாநிலத்துக் காட்டில் செம்மரம் வெட்டப் போன இடத்தில் பாறையிலிருந்து விழுந்து செத்தார் என்பதும் உனக்குத் தெரியும். உனக்கு அப்போது ஒன்பது வயது, சத்யாவுக்கு ஆறு. அதற்குப் பிறகு பொன்னம்மா அத்தை அவளைக் கூட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்து நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்ததும், நீங்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோனதும் உனக்கு நினைவிருக்கும். நம்மைத் தெரிந்தவர்கள் எல்லாம் அப்போது என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். புருஷன் இல்லாதவள், தானே கஷ்டத்தில் இருக்கிறவள், இன்னொரு விதவைக்கு இடம் கொடுத்திருக்கிறாள் என்றார்கள். நீயும் அப்படி நினைத்துத்தான் வளர்ந்தாய். அவர் ஏன் அந்தக் காட்டுக்குப் போனார் என்று நீ என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

உன் அப்பா லாரி விபத்தில் போனபோது உனக்கு மூன்று வயது. கையில் வேதியியல் பட்டம் இருந்தும் கல்யாணத்துக்குப் பிறகு அதை நான் பெட்டியிலிருந்து எடுத்ததே இல்லை. தியாகதுருகத்தில் என் அண்ணன் வீட்டில் ஒரு வருஷம் இருந்து பார்த்தேன். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நீ இரண்டாவது தடவை சோறு கேட்கும்போதெல்லாம் எனக்கே உடம்பு கூசியது. அப்போதுதான் வடக்கனந்தல் போகிற ரோட்டில் ஒரு சாயப்பட்டறைக்குக் கெமிஸ்ட்ரி படித்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். பருத்தித் துணிக்குச் சாயம் போடுகிற பட்டறை இல்லை அது. வெளியூரிலிருந்து வரும் கம்பளி நூலுக்கு மரக்கட்டைகளையும் பட்டைகளையும் வேகவைத்து எடுக்கிற சாயத்தை ஏற்றி, வெளிநாட்டில் தரைவிரிப்பு நெய்கிறவர்களுக்கு அனுப்புகிற இடம். அண்டாவில் கட்டைச் சில்லுகள் கொதிக்கும். படிகாரத்திலும் கடுக்காய்த் தண்ணீரிலும் ஊறிய நூலை அதில் இறக்குவார்கள். பட்டறை முழுக்க ஈர ஆட்டுமயிர் நாற்றம் அடிக்கும். நீ சாயங்காலம் என் மடியில் படுக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வாயே, அந்த நாற்றம்.

என் வேலை மொட்டை மாடியில். சாயம் ஏறிய கம்பளி வெளிச்சத்தில் எத்தனை நாள் நிற்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அட்டையில் நூலைச் சுற்றி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, கண்ணாடி போட்ட பெட்டிக்குள் வெயிலில் வைப்பேன். பக்கத்திலேயே எட்டு நீலக் கம்பளித் துண்டுகள் இருக்கும். இதற்கென்றே செய்து விற்கிற துண்டுகள் அவை. முதல் துண்டு சீக்கிரம் வெளுக்கும், எட்டாவது கடைசியாக வெளுக்கும். நம் நூல் எந்தத் துண்டோடு சேர்ந்து வெளுக்கிறதோ அந்த எண்தான் அதற்கு மதிப்பெண். அவ்வளவுதான் வேலை. வெயில் பார்த்துக்கொள்ளும், நான் பொய் சொல்லாமல் எழுதினால் போதும். காசுக்கட்டியின் பழுப்பு ஆறு வரை நிற்கும். பலாக்கட்டையின் மஞ்சள் நான்கு. சிவப்புதான் நிற்கவே இல்லை. தண்ணீரில் போட்டுக் குடிப்பார்களே, அந்தப் பதிமுகக் கட்டை அண்டாவில் பார்க்கும்போது கண்ணைப் பறிக்கிற சிவப்பைத் தரும். பத்து நாள் வெயிலில் வைத்தால் பழைய புண்ணின் தழும்பு மாதிரி ஆகிவிடும். இரும்புத் தண்ணீரில் முக்கினால் கொஞ்சம் நிற்கும், ஆனால் அது சிவப்பாக இருக்காது, கறுத்துவிடும். நூல் வாங்குகிறவர்கள் சிவப்புதான் கேட்டார்கள். ஐந்துக்குக் குறையாமல் நிற்கிற சிவப்பு இருந்தால் பெரிய ஆர்டர் தருவோம், இல்லையென்றால் அடுத்த வருஷத்திலிருந்து வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

செம்மரத்தைப் போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். முதலாளி இல்லை. நான். கள்ளக்குறிச்சி நாட்டு மருந்துக் கடையில் செஞ்சந்தனம் என்று சின்னப் பொட்டலத்தில் தருவார்கள். பெண்கள் முகத்துக்குப் பூசுவதற்கு வாங்குவார்கள். அது வெறும் தண்ணீரில் கரையாது. சாம்பல்காரம் சேர்த்து, நாள் முழுக்க மெல்லிய தீயில் வைத்து, கம்பளியில் ஏற்றினேன். செங்கல்லுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் ஒரு சிவப்பு வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அட்டையைப் பெட்டிக்குள் வைத்தேன். கார்த்திகை மாதம், பாதி நாள் மழைமூட்டம். இருபது நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது மூன்றாவது நீலத் துண்டு வெளுத்திருந்தது. அதோடு சேர்ந்து என் சிவப்பும் வெளுத்திருந்தது. கறுப்புக் காகிதத்தை எடுத்ததும் நடுவில் கோடு போட்டது போலத் தெரிந்தது. மூன்று. சந்தேகத்துக்கே இடமில்லை.

அட்டையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். முதலாளி அதை ஜன்னல் பக்கம் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. இருபது பேருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மேடம் என்றுதான் சொல்வார்.

"மழைக்காலம் மேடம், கணக்கு முன்னபின்ன இருக்கும். அஞ்சுன்னு போட்டுக் குடுங்க. ஆர்டர் கைக்கு வந்துட்டா அப்புறமா நிதானமா சரிபண்ணிக்கலாம்."

மழைமூட்டத்தில் வெயில் குறைந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள்தான் பிடித்திருக்கும், எண் மாறியிருக்காது. நீலத் துண்டும் அதே மழையில்தான் இருந்தது. இது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கடுக்காயைக் கூட்டி, துளி இரும்பு சேர்த்து, பின்னால் எப்படியாவது ஐந்துக்குக் கொண்டுவந்துவிடுவேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வேலை போய்விட்டால் திரும்ப அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றும் நினைத்தேன். ஆனால் அதை உன்னிடம் ஒரு சாக்காகச் சொல்ல மாட்டேன். அது பாதிதான். மீதிப் பாதி, நானே கண்டுபிடித்த சிவப்பு தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. படிவத்தில் ஐந்து என்று எழுதி, கீழே என் பேரைப் போட்டுக் கொடுத்தேன்.

ஆர்டர் வந்தது. மருந்துக் கடைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அத்தனை நூலுக்குச் சாயம் போட முடியாது. தை மாதத்தில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வண்டிகள் பட்டறைப் பக்கம் நிற்க ஆரம்பித்தன. கிழங்கை இறக்கினால் அடியில் சாக்குகளில் செம்மரச் சில்லு இருக்கும். எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. மலையிலிருந்து ஆண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிற ஏஜெண்டுகள் இருந்தார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மேஸ்திரி வேலை, கிணறு வெட்டுகிற வேலை என்று சொல்லிக் கூட்டிப்போவார்கள். சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் அந்த ஊர்ச் சிறையில் கிடந்தார்கள். எங்கள் பட்டறைக்காக மட்டும்தான் போனார்கள் என்று நான் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னாலும் போனார்கள், பின்னாலும் போனார்கள். ஆனால் சடையன் எங்கள் பட்டறைக்காகப் போனார். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் போவதற்கு முன்னால் என்னிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் போனார்.

அவர் வெள்ளிமலையிலிருந்து எங்களுக்குக் கடுக்காய் கொண்டுவருகிறவர். மாதம் இரண்டு முறை பஸ்ஸின் மேல் மூட்டையை ஏற்றிக்கொண்டு வருவார். ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டார். பூச்சி விழுந்த காயைத் தானே பொறுக்கித் தனியாக வைத்துவிடுவார், எடை குறையுமே என்று பார்க்க மாட்டார். ஒரு தடவை நல்ல காய் எது, சொத்தை எது என்று நான் தப்பாகச் சொன்னபோது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உடனே சிரித்ததற்காகப் பயந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டார். படித்தவள் எழுதினால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற மனிதர். அன்றைக்கு மூட்டையை இறக்கிவிட்டு, மாடிப்படி ஏறி என் பெட்டிகள் இருந்த இடத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் மாடிக்கு வந்ததே இல்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். ஒரு ஆளு வந்து கூப்ட்டுக்கினே இருக்கறான். செகப்பு மரம் வெட்டற வேல. உங்க பட்டறைக்குத்தான் வருதுன்னு சொல்றான். நெசமாலும் அந்த மரம் இல்லன்னா ஆவாதாம்மா? பதிமுகம் போதாதா?"

பதிமுகம் வெயிலில் நிற்காது என்றேன். அது உண்மை.

"இது நிக்குமா?"

கண்ணாடிப் பெட்டி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. உள்ளே அந்த அட்டை இருந்தது. கையை நீட்டி எடுத்துக் காட்டியிருக்கலாம். எழுதப்படிக்கத் தெரியாதவரும் பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி பாதி சிவப்பாகவும் பாதி வெளுத்தும் கிடந்தது. "நிக்குங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அப்ப சரிம்மா. நம்ம பட்டறைக்குத்தான, போய்ட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். போகாதீங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் நான் எழுதியது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிடும். என்னைப் படித்தவள் என்று மதிக்கிற ஒரு ஆள் முன்னால் அசிங்கப்பட வேண்டாம் என்று நினைத்தேன், தம்பி. இதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்கு இருக்கவில்லை. நானும் பதினெட்டு வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

மாசியில் உடல் வந்தது. வனத்துறை ஆட்கள் வருகிற சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினார்கள், அவர் பாறை விளிம்பு தெரியாமல் விழுந்துவிட்டார் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். முதலாளியும் நானும் ஜீப்பில் ஏறிப் போனோம். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஒரு சின்ன ஊர். சாமை அறுத்த கொல்லையில் அடித்தாள் மட்டும் நின்றுகொண்டிருந்தது. பொன்னம்மா அத்தை அழாமல் உட்கார்ந்திருந்தாள். சத்யா அவள் முதுகைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டும்போது ஒரு பெரியவர் அவர் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நகக்கண்ணிலும் விரல் இடுக்கிலும் சிவப்பு போகவே இல்லை. "ரத்தம் இன்னாத்துக்கு இப்பிடி ஒட்டிக்கினு இருக்குது" என்றார் அவர். அது ரத்தம் இல்லை. எத்தனை குடம் ஊற்றினாலும் அது போகாது. அங்கே நின்றிருந்தவர்களில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டே போக முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தபோது கொடியில் உன் ஸ்வெட்டர் காய்ந்துகொண்டிருந்தது. உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. மார்கழியில், சோதனைக்குச் சாயம் போட்ட முதல் நூலில் மிச்சம் பிடித்து நானே பின்னிக் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தாய். இரண்டு மாதம் காலை பிரேயரில் வெயிலில் நின்றிருப்பாய், கொடியில் கிடந்திருக்கும். தோளும் முதுகும் வெளுத்துத் தேமல் மாதிரி ஆகியிருந்தது. அக்குளில் மட்டும் அந்தச் சிவப்பு அப்படியே இருந்தது. அதை எடுத்து அடுப்பில் போட்டேன். கம்பளி சீக்கிரம் எரியாது, தீய்ந்து சுருண்டுகொண்டே இருந்தது. மயிர் கருகுகிற நாற்றம் வீடு முழுக்க நிறைந்தது. நீ வந்து அழுதாய். எலி கடித்துவிட்டது என்று சொன்னேன். உன்னிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அது.

பொன்னம்மா அத்தையைக் கீழே அழைத்துவந்தது நான்தான். முதலாளியிடம் பேசிக் கடுக்காய் இடிக்கிற வேலை வாங்கிக் கொடுத்தேன். அதை நீ இரக்கம் என்று நினைத்தாய், அவளும் அப்படித்தான் நினைத்தாள். அவளும் நானும் பேசாத நாள் கிடையாது. எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள், அக்கா அக்கா என்பாள். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நாளைக்கு என்று தள்ளிப்போடுவேன். அடுத்த வருஷம் வெளிநாட்டிலிருந்து விரிப்புகளின் படங்கள் வந்தன. ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் சதுரம் சதுரமாக வெளுத்திருந்தது. முதலாளி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. படத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நாளில் பட்டறையை மூடினார். இருபது பேருக்கும் வேலை போனது, பொன்னம்மாவுக்கும்தான். அப்போதும் அவள் எனக்குத்தான் ஆறுதல் சொன்னாள்.

ஏழாவது படிக்கும்போது நீ கணக்கில் முப்பத்தாறை எண்பத்தாறாக மாற்றிக்கொண்டு வந்தாயே, அது உனக்கு மறந்திருக்காது. மூன்றை எட்டாக்குவது சுலபம், இரண்டு கோடு போட்டால் போதும். அன்றைக்கு உன்னைக் கரண்டிக் காம்பால் அடித்தேன். இடது கை வீங்கிப்போய் நீ நாலு நாள் சட்டைப் பட்டன் போட முடியாமல் திண்டாடினாய். சத்யா போட்டுவிட்டாள். நீ ஏமாற்றியதற்காக அடிக்கிறேன் என்று நீ நினைத்திருப்பாய். நான் அடித்தது உன்னை இல்லை, என்னைத்தான் என்று இப்போது சொன்னால் அந்தக் கை வலி குறைந்துவிடாது. இருந்தாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். சத்தம் கேட்டு ஓடிவந்த பொன்னம்மா அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வுடுக்கா. ஒரு நம்பர மாத்தி எழுதிட்டான், அவ்ளோதான. அதுனால யாரு உசுரு போயிட்ச்சி?"

நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பிள்ளையை அடித்துவிட்டோமே என்று அழுகிறேன் என நினைத்து அவள் வெளியே நின்று ரொம்ப நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டே நான் உயிரோடு இருந்திருப்பேன், செத்தும் போயிருப்பேன். ஆனால் நீயும் சத்யாவும் கல்யாணம் செய்துகொள்கிறோம் என்று வந்து நின்றீர்கள். சாதி வேறு என்று என் அண்ணன் கத்தினார், பொன்னம்மாவின் ஊர்க்காரர்களும் கூடிப் பேசினார்கள். அதையெல்லாம் எதிர்த்து நின்றது நான்தான் என்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "உன்ன மாதிரி அம்மா யாருக்கும் கெடைக்க மாட்டாங்கம்மா" என்றாய். அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை வெள்ளிமலைக்குப் போனேன். பத்திரிகை வைக்கப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். பத்திரிகையை எடுத்துக்கொண்டு போகவில்லை.

மலைக்கே திரும்பிப் போய்விட்ட பொன்னம்மா அத்தை களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி வந்துட்டாங்க என்று சிரித்துக்கொண்டே எழுந்து காபி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். பிறகு இதே வரிசையில், இதே மாதிரி, எதையும் விடாமல் சொன்னேன். மாடிப்படி ஏறி வந்து அவர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவள் முறத்தை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் சாமையில் இருந்த ஒரு கல்லைப் பொறுக்கிக் கீழே போட்டாள்.

"மூணுன்னு எழுதி இருந்தா அவரு போயிருக்க மாட்டாரா?"

"பட்டறைக்கு அந்த மரமே தேவப்பட்டிருக்காது. வேற யாராவது கூப்ட்டு அவரு போயிருக்கலாம். அது எனக்குத் தெரியல, பொன்னம்மா. ஆனா எங்கிட்ட வந்து கேட்டாரு."

"போறதுக்கு மொத நாளு சொன்னாரு. அந்தம்மா படிச்சவங்க, நிக்குதுன்னு சொல்லிட்டாங்க, நாலு நடை போனா போதும்னு. நான் வேணான்னுதான் சொன்னேன்." முறத்தில் இருந்த உமியை ஊதிவிட்டாள். பிறகு கேட்டாள்: "இத்தினி வருசமா ஏன்க்கா சொல்லல?"

பயம் என்றேன். அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் காபி டம்ளரை எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

"கல்யாணத்த நிறுத்தறதுக்கு நான் யாரு. அந்தப் புள்ள நல்ல புள்ள, அவன நானுந்தான் வளத்தேன். ஆனா சத்யா தெரியாம கட்டிக்கக் கூடாது. எங்க அவரும் தெரியாமத்தான் போனாரு. அவகிட்ட நான் சொல்ல மாட்டேன், எனக்கு வாய் வராது. நீங்களும் சொல்ல வேணாம், நீங்க அழுதா அவ உங்களத் தேத்துவா. உங்க புள்ள சொல்லட்டும். கேட்டுட்டு அவ கட்டிக்கறன்னா கட்டிக்கட்டும். ஆனா பந்தல்ல அவரு இல்லாத எடத்துல உங்கள ஒக்காத்தி வச்சிப் பாக்க என்னால ஆவாதுக்கா. நீங்க வராதீங்க."

வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் வாசல் வரைக்கும் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது முறத்தைக் கையில் எடுத்திருந்தாள், புடைக்கவில்லை.

அதனால் தம்பி, உன் கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன். இதை மாற்றச் சொல்லி நீ பொன்னம்மாவிடம் போய் நிற்காதே. அவள் இளகிய மனசுக்காரி, நீ கேட்டால் சரி என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பாள். என் இடத்தில் அண்ணனும் அண்ணியும் நிற்கட்டும், நான் அவர்களிடம் பேசிவிட்டேன். உடம்பு சரியில்லை என்று மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம். அம்மா வரவில்லை என்று மட்டும் சொல். கேட்டால் கேட்கட்டும்.

உன்னிடம் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் ஒரு அம்மாவாக எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ கம்பெனியில் தரம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலையில் இருக்கிறாய். உன்னிடமும் ஒரு நாள் யாராவது தன்மையாக, மரியாதையாக, இருபது பேரின் சோற்றைக் காட்டி ஒரு எண்ணை மாற்றிக் கேட்பார்கள். அந்த எண் காகிதத்திலேயே இருந்துவிடும் என்றுதான் உனக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதை நம்பி யார் படியேறி வருவார்கள், யார் ஜீப்பில் ஏறுவார்கள் என்று அப்போது உனக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காகத்தான் மாற்றக் கூடாது. தப்பு செய்துவிட்டாலும் உடனே சொல்லிவிடு. அந்த மாடியில் அவர் கேட்டபோது நான் அசிங்கப்பட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

சத்யாவிடம் சொல்லும்போது எனக்காகப் பரிந்து பேசாதே. அம்மா அப்போது விதவை, நான் சின்னப் பையன், வேலை போய்விடும் என்ற பயம் என்றெல்லாம் ஆரம்பிக்காதே. அதைக் கேட்டால் அவளுக்குப் பாவமாகிவிடும், தன் அப்பாவுக்காகக் கோபப்படக்கூட அவளுக்கு இடமில்லாமல் போய்விடும். இந்தக் கடிதத்தையே கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, அவள் பேசுகிற வரைக்கும் நீ பேசாமல் இரு. அவள் என்னைத் திட்டினால் திட்டட்டும், தடுக்காதே. உன்னை வேண்டாம் என்று சொன்னால் அதையும் கேட்டுக்கொள். அது உனக்கு வந்த தண்டனை இல்லை, என்னுடையது உன் மேல் விழுந்தது. அதற்கு என்னால் என்ன செய்ய முடியும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன், ஒன்றும் தெரியவில்லை.

சத்யாவுக்கு அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்குக் கள்ளக்குறிச்சிக்கு வா, ஆனால் நம் வீட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வராதே. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்காவது உட்கார்ந்து சொல். சாயங்காலம் வரைக்கும் தள்ளிப்போடாதே. காலையிலேயே சொல்லிவிடு, தன் அம்மாவிடம் போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றினால் வெள்ளிமலைக்குப் பஸ் இருக்கிற நேரமாக இருக்கட்டும்.

அம்மா